நான்காம் எண்ணிக்கை

சால்சா கற்க வரும் பெரியவர் முதல் வாரத்தில் எங்கே தடுமாறுவார் என்பது ஆசிரியர்களுக்கு முன்பே தெரியும். ஒன்றுக்கு இடதுகால் முன்னே போகிறது. இரண்டுக்கு வலதுகால் நின்ற இடத்திலேயே மிதிக்கிறது. மூன்றுக்கு இடதுகால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. நான்குக்குக் கால் எதுவும் செய்யக் கூடாது. ஐந்து, ஆறு, ஏழுக்கு வலதுகால் பின்னே சென்று திரும்பும். எட்டில் மறுபடியும் நிறுத்தம். கேட்கும்போது இதில் சிரமம் ஒன்றும் தெரியாது. இசை தொடங்கியதும் நான்கில் கால் தானாக எழுந்துவிடும். ஐந்துக்குத் தவறான கால் கிளம்பும், எதிரே நிற்பவரின் பாதத்தில் போய் இடிக்கும்.

டெல்லியில் இந்த வகுப்புகள் அலுவலகம் விட்ட பிறகு களைகட்டுகின்றன. தெற்கு டெல்லியிலும் குருகிராமிலும் ஒரு பேஸ்மென்ட் கூடம், மரத்தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஸ்பீக்கர் இருந்தால் வகுப்புக்குப் போதும். மென்பொருள் ஊழியர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியை, கல்யாணம் நிச்சயமான ஜோடி என்று பலரும் வருகிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவோடு ஆட்டத்தை விட்டுவிட்டவர்கள் இவர்களில் நிறைய. வளர்ந்தவர்கள் ஆடப் பழகுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முந்தைய சங்கீத் இரவுக்காகக் கொரியோகிராஃபர் வீட்டுக்கே வந்து மாமா, அத்தை வரை எல்லோரையும் ஆட்டுவிப்பது இங்கே வழக்கம்.

ஆனால் சங்கீத் ஆட்டம் வேறு, சால்சா வேறு. சங்கீத்தில் ஒரே பாட்டு, மனப்பாடம் செய்த அசைவுகள், தெரிந்த முகங்கள். சால்சா ஆடுபவர்கள் ‘சோஷியல்’ என்று சொல்லும் வார இறுதி இரவுகளில் எந்தப் பாட்டு வரும், யார் கை நீட்டுவார், அடுத்து எந்தச் சுற்று என்பதெல்லாம் அந்த நொடியில்தான் தெரியும். முன்கூட்டி எழுதி வைக்காத ஓர் ஆட்டத்தை இருவர் சேர்ந்து ஆட வேண்டும். முப்பது வயதிலோ ஐம்பது வயதிலோ இதைத் தொடங்குபவர், “எனக்கு வயதாகிவிட்டது, உடம்பு வளையாது” என்று சொல்லி விலகுவதுண்டு. ஆய்வுகள் காட்டும் காரணம் வேறு. செவி, கவனம், தொடுகை என்ற மூன்றும் புதிய முறையில் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றும் எந்த வயதிலும் பழகக் கூடியவை.

செவிக்குப் பழகிய எட்டு

கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த ‘சோன்’ இசை, ஆப்பிரிக்க முரசு மரபும் ஸ்பானியப் பாட்டு மரபும் கலந்தது. அது நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் இசைக்கலைஞர்களின் கையில் புது உருவம் பெற்றது. 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா ரெக்கார்ட்ஸ் அந்த இசையைச் சால்சா என்ற பெயரில் உலகெங்கும் கொண்டு சென்றது. ஆட்டத்தில் கிளைகள் பல. லாஸ் ஏஞ்சலஸ் பாணி முதல் எண்ணிக்கையில் திசை மாறுகிறது. எட்டி டாரஸ் பரப்பிய நியூயார்க் பாணி இரண்டாம் எண்ணிக்கையில் மாறுகிறது. கியூபாவின் ‘கசீனோ’ பாணியில் ஜோடியில் இருவரும் ஒருவரையொருவர் வட்டமிட்டு ஆடுகிறார்கள். இந்திய நகரங்களின் தொடக்க வகுப்புகளில் அதிகம் புழங்குவது முதல் வகை, ‘ஆன் ஒன்’.

எட்டு என்ற கணக்கு இந்தியச் செவிக்கு அந்நியமல்ல. ஆதிதாளம் எட்டு அட்சரம். திரைப்பாடல்களில் எங்கும் கேட்கும் கெஹர்வாவும் எட்டு மாத்திரை. டெல்லியின் கதக் கேந்திராவில் பழகும் மாணவர் பதினாறு மாத்திரைத் தீன்தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பாதத்தைத் தட்டித் ‘தத்கார்’ பயில்கிறார். இந்த மரபுகளில் முதல் அடியான சமத்துக்குப் பெரிய மரியாதை உண்டு. எல்லாம் அங்கே வந்து சேரும். அங்கே தலை அசையும்.

சால்சாவில் உரத்த ஒலி வேறிடத்தில் விழுகிறது. காங்கா என்னும் உயரமான கைமுரசின் வழக்கமான வாசிப்பில் திறந்த, கணீரென்ற இரட்டை அடி நான்கிலும் அதை ஒட்டிய அரை எண்ணிக்கையிலும் வருகிறது, எட்டிலும் அப்படியே. கால் நிற்க வேண்டிய இடத்தில்தான் முரசு உரக்கப் பேசுகிறது. அதன் மேல் கிளாவே என்னும் இரண்டு மரக்குச்சிகள் எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டுகளைச் சமமற்ற இடைவெளிகளில் வைக்கின்றன. ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு. அல்லது இரு பாதிகளும் இடம் மாறி. ‘உரத்த ஒலி வந்தால் மிதி’ என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய கால் நான்கில் எழுவது இயல்புதான்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரீஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. பல்கேரிய, மாசிடோனிய நாட்டுப்பாடல்களில் சமமற்ற நீளமுள்ள தாளங்கள் உண்டு. அந்தத் தாளம் நடுவில் கெட்டால் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுகொண்டன. வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களால் அது முடியவில்லை. பல்கேரிய, மாசிடோனியப் பின்னணி கொண்ட பெரியவர்களால் முடிந்தது. பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கே தங்கள் ஊர்த் தாளத்தின் சாய்வு வந்துவிட்டிருந்தது. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்டதும் அவற்றின் செவி திறந்தது. அதே இரண்டு வாரம் பெரியவர்களுக்குப் போதவில்லை.

இதிலிருந்து டெல்லி மாணவருக்குக் கிடைக்கும் பாடம் எளிமையானது. வகுப்பில் கிடைக்கும் ஒரு மணி நேர இசை செவிக்குப் போதாது. மெட்ரோவில், சமையலறையில், காலை நடையில் என்று சால்சா இசை நாள்தோறும் காதில் விழ வேண்டும். இந்த விஷயத்தில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு கைமுதல் உண்டு. ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி கேட்டபடி தொடையில் தாளம் போட்டவருக்கு, பாட்டு சமத்தில் தொடங்காமல் தள்ளி எடுக்கும் எடுப்புகள் பழக்கம். ஒலி ஓரிடத்தில், கணக்கு வேறிடத்தில் என்பதை அவர் கை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் காலுக்கு இறக்க வேண்டியதுதான் மிச்சம்.

தாளமே பிடிபடாதவர்கள் உண்டா? உண்டு, ஆனால் மிக அரிது. மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011இல் மத்தியூ என்ற இளைஞரைப் பற்றி எழுதினார்கள். மெரெங்கே என்னும் நடன இசைப் பாட்டுக்கு முழங்காலை மடக்கி அசையச் சொன்னபோது அவரால் தாளத்தோடு சேர முடியவில்லை. வெறும் மெட்ரோனோம் தட்டுக்குச் சேர முடிந்தது. உடம்பில் குறையில்லை, இசைக்குள்ளிருந்து தட்டைப் பிரித்தெடுப்பதில்தான் சிக்கல். முதல் மாதத்திலேயே “எனக்குத் தாள ஞானம் கிடையாது” என்று முடிவுகட்டும் புதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையில் சேர மாட்டார்கள்.

எண்ணும் மூளை, ஆடும் மூளை

சால்சா பாடல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 முதல் 220 தட்டு வேகத்தில் ஓடுகின்றன. 180 என்று வைத்துக்கொண்டால் ஒரு எண்ணிக்கைக்கு மூன்றில் ஒரு நொடிதான். ஒலியைக் கேட்டு அதன் பிறகு அசைய மனிதருக்கு ஆறில் ஒரு நொடி போலத் தேவை. அப்படிக் கேட்டுக் கேட்டு மிதிப்பவர் ஒவ்வொரு அடியிலும் பிந்துவார். ஆடுபவர்கள் தட்டை எதிர்பார்த்து முன்னமே கிளம்புகிறார்கள். தாளத்துக்கு விரல் தட்டச் சொல்லும் சோதனைகளில் விரல் ஒலிக்குச் சற்று முன்பே விழுவது நெடுங்காலமாகப் பதிவான உண்மை. அனிருத் பட்டேலும் ஜான் ஐவர்சனும் 2014இல் முன்வைத்த கருதுகோள் இதைத் தெளிவாகச் சொல்கிறது: உடல் அசையாதபோதும் மூளையின் இயக்கப் பகுதிகள் அடுத்த தட்டை ஒத்திகை பார்த்துச் செவிக்குச் சொல்கின்றன.

தொடக்கநிலையில் இந்த எதிர்பார்ப்பு நடக்க இடமில்லை. கவனம் முழுவதும் எண்ணுவதில் போய்விடுகிறது. பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் திறன் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் யோசித்துச் செய்வது. அடுத்து பிழைகளைக் களைந்து இணைப்பது. கடைசியில் யோசிக்காமலே நடப்பது. முதல் கட்டத்தில் “இடது, வலது, இடது, நில்” என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும்போது யாராவது ஒரு கேள்வி கேட்டால் அடி குலைகிறது. இது எல்லா வயதினருக்கும் நேர்வதுதான். குழந்தைக்கும் நேர்கிறது, குழந்தை அதற்கு வெட்கப்படுவதில்லை.

உடல் விறைப்பதற்கும் காரணம் இருக்கிறது. சோவியத் அறிவியலர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் தொழிலாளர்கள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்தவர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று அசையக் கூடிய மூட்டுகள் ஏராளம். அத்தனையையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது புதியவரால் ஆகாது. அதனால் மூளை பலவற்றைப் பூட்டிவைத்துச் சிலவற்றை மட்டும் அசைக்கிறது. சைக்கிள் பழகும் முதல் நாளில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும் கைகளைப் போன்றதுதான் புதிய நடனக்காரரின் விறைத்த இடுப்பு. பழகப் பழகப் பூட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். முதல் மாதத்திலேயே இடுப்பை வலிந்து ஆட்டச் சொல்வது இந்த வரிசையைக் குலைப்பதாகும். கியூப பாணி இடுப்பசைவில் பெரும்பகுதி முழங்கால் மடங்கி எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுமையாக மாறுவதால் விளைவது. எடை சரியாக மாறினால் இடுப்பு தானாக வந்து சேரும்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதிலும் தெளிவான வழிகாட்டல் உண்டு. கேப்ரியேல் வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1998இல் பனிச்சறுக்கு மாதிரி இயந்திரம் ஒன்றில் ஆட்களைப் பழக்கினார்கள். தங்கள் பாதத்தை நினைத்துப் பழகியவர்களைவிட, பாதத்தின் கீழே இருந்த சக்கரங்களை நினைத்துப் பழகியவர்கள் நன்றாகக் கற்றார்கள். பிறகு பல விளையாட்டுகளில் இதே போக்கு தென்பட்டது. “முழங்காலை மடக்கு” என்பதைவிட “தரையைத் தள்ளு” என்ற சொல் காலுக்கு எளிதில் எட்டுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் ஆய்வைப் படிக்காமலே இப்படித்தான் பேசுகிறார்கள்.

கை பேசும் அளவு

சால்சா ஜோடி ஆட்டம். ஒருவர் ‘லீட்’, மற்றவர் ‘ஃபாலோ’. லீட் செய்பவர் வாய் திறப்பதில்லை. அடுத்து என்ன என்பதைக் கையும் உடல் சாய்வும் சொல்கின்றன. டெல்லியில் இதற்கு ஒரு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் கை கோக்கும் பொதுவெளி இங்கே அதிகமில்லை. பெண்கள் எச்சரிக்கையாக இருக்கக் காரணங்கள் உண்டு. ஆகவே எங்கே கை வைக்கலாம், எவ்வளவு நெருங்கலாம், “வேண்டாம்” என்றால் உடனே விலகுவது ஆகியவற்றை முதல் நாளே அடிகளோடு சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்புதான் நல்ல வகுப்பு. கூச்சப்படும் கை துவண்டு கிடக்கும், அல்லது இறுக்கிப் பிடிக்கும். இரண்டிலும் செய்தி போய்ச் சேராது.

சேர வேண்டிய விசை மிகச் சிறியது. ஜான் ஜேக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் ஆட்களைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி ஒரு விரல்நுனியால் அசையாத கம்பியைத் தொட வைத்தார்கள். ஒரு நியூட்டனுக்கும் குறைவான அழுத்தம். உடலைத் தாங்க அது போதவே போதாது. ஆனாலும் உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. விரல் தந்தது தாங்கல் அல்ல, தகவல். 2017இல் அட்லான்டாவில் லீனா டிங் குழுவினர், ஜோடியாக முன்னும் பின்னும் நடப்பவர்களின் கைகளுக்கிடையே உள்ள விசையை அளந்தார்கள். 10 முதல் 30 நியூட்டன் வரையிலான சிறு விசைகளே திசையை உணர்த்தப் போதுமாக இருந்தன. ஒன்றிலிருந்து மூன்று கிலோ எடையைக் கையில் ஏந்தும் அளவு அது. நடனத்தில் தேர்ந்தவர்களின் கைவிசையும் புதியவர்களின் கைவிசையும் வேறுபட்டிருந்தன.

வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் ஜோடியை மாற்றச் சொல்வதற்கும் அறிவியல் துணை நிற்கிறது. கணவன் மனைவியாக வந்தவர்கள் பிரிய விரும்பாமல் தயங்குவதுண்டு. ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979இல் கைவேலை ஒன்றை இரு விதமாகப் பழக்கினார்கள். ஒரே வகையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். வகைகளைக் கலந்து பழகியவர்கள் அப்போது திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேலாக இருந்தார்கள். ஒரே ஜோடியோடு ஒரே சுற்றை நாற்பது முறை ஆடுவது சுகமாக இருக்கும். வேறு வேறு உயரம், வேறு வேறு கை, வேறு வேறு பாட்டு என்று மாற்றி ஆடினால் தடுமாற்றம் கூடும், நினைவு நிற்கும்.

வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பிறகும் கற்றல் தொடர்கிறது. மாத்யூ வாக்கர் குழுவினர் 2002இல் விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழக்கி, ஓர் இரவு உறக்கத்துக்குப் பின் வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியதைக் கண்டார்கள். அந்த உயர்வில் உறக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு ஒரே நாளில் நான்கு மணி நேரம் பழகுவதைவிட, நான்கு நாள் மாலையில் சிறிது சிறிதாகப் பழகுவது நல்லது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அறுபதுக்கு மேல்

வளர்ந்த மூளை மாறுமா என்ற கேள்விக்கு 2004இல் ஜெர்மனியிலிருந்து ஒரு பதில் வந்தது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்க மூன்று மாதம் பழகிய பெரியவர்களின் மூளையில், அசைவைப் பார்த்து உணரும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை விட்டதும் குறைந்தது. 2008இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். வித்தையைக் கைக்கொண்டவர்கள் இளையோரைவிடக் குறைவு. ஆனால் கற்றவர்களின் மூளையில் மாற்றம் தெரிந்தது.

நடனத்தைப் பற்றியே பேசும் ஆய்வுகளும் உண்டு. நியூயார்க்கில் ஜோ வர்கீஸும் அவருடைய குழுவினரும் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பு ஆகியவற்றைப் போல, மறதிநோய் குறைவாக இருந்ததோடு தொடர்புபட்ட ஒரே உடலியக்கம் நடனம். நடனம்தான் நோயைத் தடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நலமாக இருப்பவர்களே ஆடப் போயிருக்கலாம். 2017இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகர ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. முதியோரில் ஒரு குழுவுக்கு 18 மாதம் தொடர்ந்து புதுப்புது ஆட்டங்கள் கற்பித்தார்கள். மற்றொரு குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சி. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் இரு குழுவிலும் வளர்ந்தது. உடல் சமநிலை கூடியது ஆடியவர்களுக்கு மட்டும்.

சால்சாவையே எடுத்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் பாஸல் நகர ஆய்வு. உர்ஸ் கிரானாகரும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்டது. 63 முதல் 82 வயது வரையிலான 28 பேர். அவர்களில் பாதிப்பேர் எட்டு வாரம், வாரம் இரு முறை சால்சா பழகினார்கள். நிற்கும் சமநிலை மேம்பட்டது, நடையில் காலடி நீண்டது, வேகம் கூடியது. கால் தசையின் வலிமை மட்டும் மாறவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வகுப்புக்கு வந்தவர்களின் வருகை 90 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த எண்ணை இந்தியச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில், பொழுதுபோக்காக உடலை அசைப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. முதியவர்கள் விடாமல் வரும் பயிற்சி என்ற ஒன்றுக்கே தனி மதிப்பு உண்டு.

நடனத்தை மருத்துவத் துணையாக எடுத்துக்கொண்ட முயற்சி இந்தியாவிலும் நடக்கிறது. புணேயில் நடனக் கலைஞர் ஹ்ருஷிகேஷ் பவார் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்திவருகிறார். தாளத்தைப் பிடிக்கும் பேசல் கேங்க்லியா என்ற மூளைப் பகுதிகளையே அந்த நோய் தாக்குகிறது. உள்ளே தாளம் தளரும்போது வெளியிலிருந்து வரும் இசை நடைக்குத் துணையாகிறது.

டெல்லியின் சால்சா வகுப்புகள் பெரும்பாலும் இளையவர்களை நோக்கியே நடக்கின்றன. இரவு எட்டு மணி வகுப்பு, படியிறங்கும் பேஸ்மென்ட், பார்களில் நடக்கும் சோஷியல் என்று ஏற்பாடு முழுவதும் அவர்களுக்கானது. ஆனால் எல்லா வயதினரும் தெருவில் ஆட முடியும் என்பதை இந்த ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2013 நவம்பரில் குருகிராமில் தொடங்கி 2014 ஜூலையில் கன்னாட் பிளேஸுக்கு வந்த ராஹ்கிரி ஞாயிறுகளில், வாகனங்களை நிறுத்திவிட்டுத் தெருவை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கொலம்பியாவின் காலி நகரத்து பெத்தோ பெரெஸ் சால்சா, மெரெங்கே இசையில் உருவாக்கிய ஸூம்பாவைக் குழந்தைகளும் தாத்தாக்களும் அங்கே ஒன்றாக ஆடினார்கள்.

பாஸலில் நடந்ததை டெல்லியில் நடத்தப் பெரிய செலவு பிடிக்காது. குடியிருப்போர் நலச் சங்கங்களின் சமூகக் கூடங்களில் பகல் பதினொரு மணிக்கு இடம் கிடைக்கும். படியில்லாத தரை, சுவரோரம் பிடித்துக்கொள்ள நாற்காலிகள், நிமிடத்துக்கு 160 தட்டுக்கு மேல் போகாத பாட்டுகள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் ஜோடிகள், முதல் மாதம் சுற்றுகளே இல்லாமல் நடை மட்டும். வாரம் இரு முறை என்று எட்டு வாரம் நடத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒற்றைக்காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தால், பலன் தெரிகிறதா என்பதை அந்தக் குடியிருப்பே பார்த்துக்கொள்ளலாம்.